அம்பர்

அம்பர் (பெ.): ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் குடலில் விளையும் மணப்பொருள். ‘அன்பர்’ என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. இதன் பழந்தமிழ்ப் பெயர் ஓர்க்கோலை. முத்து, பவளம், சங்கு, உப்போடு கடல்தரும் ஐம்பொருளுள் ஒன்றாகப் பழைய உரைகள் இதை எண்ணும். செய்தித்தாள்கள் ‘திமிங்கில வாந்தி’ என்று எழுதுவது இதைத்தான். மரப்பிசின் இறுகிய அம்பர்க் கல் வேறு.

இன்று மதுரை அத்தர்க் கடைகளில் ‘அம்பர்’ என்று விற்பது பெரும்பாலும் ஆய்வகச் சரக்கே. கிளாரி சேஜ் செடியின் ஸ்கிளேரியால் என்ற பொருளிலிருந்து, அம்பர் மணம் தரும் ஆம்பிராக்சைடு செய்கிறார்கள். இதன் உறவான ‘மர அம்பர்’ வகைகளில் காய்ந்த கட்டை வாசம் தூக்கலாக இருக்கும். மல்லிகை அத்தரில் துளி சேர்த்தால், மல்லி மணம் அடங்கிய மறுநாளும் துணியில் அம்பர் நிற்கும்.

திமிங்கில அம்பரை வாங்குவதும் விற்பதும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செயற்கை அம்பரே நமக்குப் போதும்.