இராஜாஜியின் அணுகுண்டு எதிர்ப்புத் தூது (1962)

அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு வேண்ட, காந்தி அமைதி நிறுவனம் 1962-இல் ஒரு குழுவை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அக்குழுவின் தலைவர் சி. இராஜகோபாலாச்சாரி (இராஜாஜி). ஆர். ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகியோரும் உடன் சென்றனர். செப்டம்பர் 28 அன்று குடியரசுத் தலைவர் கென்னடியை அவர்கள் வெள்ளை மாளிகையில் சந்தித்தனர். அப்போது இராஜாஜிக்கு வயது 83.

திருச்சிப் பின்னணி

இத்தூதின் வேரைத் திருச்சியில் தேடலாம். 1930 ஏப்ரல் 13 அன்று, ஸ்ரீரங்கத்தில் பிறந்த மருத்துவர் டி. எஸ். எஸ். ராஜனின் திருச்சி இல்லத்திலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் இராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தார். ஏப்ரல் 30 அன்று உப்பு எடுத்துக் கைதானார். ஆயுதமின்றி ஓர் அரசை எதிர்கொள்ள முடியும் என்பது அவர் நடந்தே கற்ற பாடம். ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உப்புப் போரில் தடியடி பட்டவர்கள் விரும்பிச் சென்ற தொண்டர்கள். கதிரியக்கத் தூசி யாரையும் கேட்டு விழுவதில்லை. 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த குண்டின் சாம்பல், தொலைவில் மீன்பிடித்துக் கொண்டிருந்த ஜப்பானியப் படகில் இருந்த 23 பேர் மீதும் படிந்தது. அவர்களில் ஒருவர் அவ்வாண்டே இறந்தார். அடுத்த மாதமே சோதனைகளை நிறுத்தி வைக்குமாறு நேரு நாடாளுமன்றத்தில் கோரினார்.

சந்திப்பு

சோவியத் நாடு 1961-இலும் அமெரிக்கா 1962-இலும் வளிமண்டலச் சோதனைகளை மீண்டும் தொடங்கியிருந்தன. எதிர்த்தரப்பு இணங்கும்வரை காத்திராமல் அமெரிக்கா தானாக நிறுத்த வேண்டும் என்பது இராஜாஜியின் வேண்டுகோள். ஒதுக்கிய நேரத்தைத் தாண்டிப் பேச்சு ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீண்டது. கென்னடி வாக்குறுதி எதுவும் தரவில்லை. மறுதரப்பு மறைவாகச் சோதித்தால் எப்படிக் கண்டறிவது என்பதே அமெரிக்க அரசின் தயக்கம். அதைப் பொருளற்றது என ஒதுக்கிவிட முடியாது.

பதினெட்டு நாள் கழித்து, அக்டோபர் 16 அன்று, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருக்கும் செய்தி கென்னடியை எட்டியது. படைத்தலைவர்கள் வான்தாக்குதலை வலியுறுத்தினர். கென்னடி கடல்வழியை மறித்தார். கூடவே துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றுவதாக இரகசியமாக ஒப்புக்கொண்டார். அக்டோபர் 28 அன்று குருசேவ் பின்வாங்க இசைந்தார். இதற்கும் இராஜாஜியின் பேச்சுக்கும் முடிச்சுப் போடுவது மிகை. கடல் மறிப்பும் படைவலிமைதான். ஆயினும் போரைத் தவிர்த்தது, இருவரும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்த பேரம்.

1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் வெடிப்பதை அது தடுத்தது. நிலத்தடிச் சோதனையை விட்டுவிட்டது. ஆண்டுக்கு எத்தனை முறை நேரில் வந்து ஆய்வு செய்யலாம் என்பதில் அமெரிக்கா ஏழு என்றது, சோவியத் மூன்றுக்கு மேல் இறங்கிவரவில்லை. இந்தியா சில நாட்களிலேயே கையெழுத்திட்டது. பிரான்சும் சீனாவும் சேரவில்லை. 1964 அக்டோபர் 16 அன்று சீனா முதல் குண்டை வெடித்தது.

இராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்று மறைந்தார். 1974 மே 18 அன்று இந்தியா பொக்ரானில் சோதனை நடத்தியது. 1998-இல் அங்கே நடந்த சோதனைகளில் முன்னின்றவர்களுள் ஒருவர் அப்துல் கலாம்; அவர் இயற்பியல் படித்த புனித வளனார் கல்லூரி மலைக்கோட்டைக்கு அருகில்தான் உள்ளது. இரு முறையும் குண்டுகள் நிலத்தடியில்தான் வெடிக்கப்பட்டன.