துணை மருந்தா, மாற்று மருந்தா? மூலிகைச் சோதனையின் வரலாறு



மொழியியல் படித்த ஒருவன் மனநோய்க்கான மூலிகையைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இதற்குக் காரணம் ஒரு தாள். சில ஆண்டுகளுக்கு முன், நோயாளிகளின் குடும்பத்தாருக்காக எழுதப்பட்ட துண்டறிக்கை ஒன்றின் தமிழாக்கத்தைத் திருத்தித் தருமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். மனச்சிதைவு நோயாளிகளுக்கு அமுக்கராவைக் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வின் முடிவை எளிய சொற்களில் கூறும் அறிக்கை அது. நோயாளி ஏற்கெனவே உண்டுவரும் மாத்திரையோடு சேர்த்து இம்மூலிகை கொடுக்கப்பட்டது என்று ஆங்கில மூலம் தெளிவாகவே கூறியது. தமிழிலோ அது ‘மாற்று மருந்தாகக் கொடுக்கப்பட்டது’ என்று மாறியிருந்தது.

மொழிபெயர்த்தவர் அறியாமையால் அப்படி எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. சித்தம், ஆயுர்வேதம், மூலிகை என்று எது வந்தாலும் ‘மாற்று மருத்துவம்’ என்று எழுதிப் பழகிய கை அது. இரு சொற்கள் நெடுநாள் சேர்ந்தே வழங்கினால் ஒன்று மற்றொன்றைத் தானே இழுத்து வரும். ஆனால், ‘மாற்று’ என்பது ஒன்றை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வேறொன்றை வைப்பது. ‘துணை’ என்பது ஒன்று இருக்க, அதனருகே மற்றொன்று நிற்பது. இந்த நோயைப் பொறுத்தவரை அவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவை எண்ணாலும் கூறலாம். 2012இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று 65 சோதனைகளை ஒருங்கே வைத்துப் பார்த்தது. மாத்திரையைத் தொடர்ந்தவர்களுள் ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் 100க்கு 27 பேர். மாத்திரைக்குப் பதிலாக மருந்துப்போலி, அதாவது மருந்தைப் போலவே தோன்றும் மருந்தற்ற பொருள், பெற்றவர்களுள் 64 பேர்.

‘துணை’ என்னும் கருத்து மூலிகைச் சோதனைக்குள் எவ்வாறு நுழைந்தது என்பதே இன்றைய உரையின் பொருள்.

தொடக்கத்தில் மூலிகை துணையாக நிற்கவில்லை; தனியாகவே நின்றது. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை வட இந்திய ஊர்ப்புற மக்கள் பித்துக்கான மருந்து என்றே அழைத்தனர். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு வங்காள மருத்துவர்கள், பித்துக்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் உரிய புதிய இந்திய மருந்து என்று இவ்வேரைப் பற்றிக் கட்டுரை எழுதினர். நூற்றாண்டுகளாக வழங்கிய ஒன்று ‘புதியது’ ஆனது எப்படி என்று வியக்க வேண்டாம். மருத்துவ இதழுக்கு அது புதியதுதான். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் 1949இல் பிரித்தானிய இதயவியல் இதழில் இரத்த அழுத்தம் பற்றி எழுதிய பிறகே மேலைநாட்டார் திரும்பிப் பார்த்தனர். 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தின் வேதியியலாளர்கள் அவ்வேரிலிருந்து ரெசர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1954இல் நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் மனநல மருத்துவமனையில் நேதன் கிளைன் தம் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த செய்தியை வெளியிட்டார்.

சில ஆண்டுகள் ரெசர்ப்பினுக்குப் பெரும்புகழ். பின்னர் அதன் மறுபக்கம் தெரியலாயிற்று. இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்தது. கைகால்கள் விறைத்து நடுங்கின. சிலர் ஆழ்ந்த சோர்வில் வீழ்ந்தனர் என்றும் எழுதினார்கள். 1952இல் பிரான்சில் பயன்பாட்டுக்கு வந்த குளோர்ப்புரோமசின் அதனை மெல்லப் பின்னுக்குத் தள்ளியது. ஆயினும் சர்ப்பகந்தி தோற்றுப்போயிற்று என்று நான் கூறமாட்டேன். சுவீடன் நாட்டு அறிவியலாளர் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்ப்பின் கொடுத்தார். அவை அசையாமல் கிடந்தன. பின்னர், டோபமினாக மாறக்கூடிய எல்-டோபாவைக் கொடுத்தார். அவை எழுந்து நடமாடின. டோபமின் மூளையில் தனிப்பணி ஆற்றும் ஒரு பொருள் என்பது அவ்வழியே தெளிவாயிற்று. அவருக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய மனச்சிதைவு மாத்திரைகள் பெரும்பாலும் டோபமினின் செயலைத் தடுத்தே வேலை செய்கின்றன. நோயாளிக்குக் கொடுத்ததைவிட அந்த வேர் அறிவியலுக்குக் கொடுத்தது மிகுதி.

அடுத்த திருப்பம் 1964. அமெரிக்காவில் 9 மருத்துவமனைகளில் நடந்த பெருஞ்சோதனை ஒன்றின் முடிவு அவ்வாண்டு வெளிவந்தது. குளோர்ப்புரோமசின் வகை மருந்துகள் மூன்றை மருந்துப்போலியோடு ஒப்பிட்ட சோதனை அது. மருந்துகளே மேம்பட்டவை என்று ஐயத்திற்கு இடமின்றிக் காட்டியது. அதே ஆண்டில்தான் மனிதர்மீது நடத்தும் ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கி அறிக்கையும் உருவானது. பயன் உறுதியான மருந்து கையில் இருக்கும்போது, அதை நிறுத்திவிட்டு நோயாளிக்கு வெறும் மூலிகையைக் கொடுத்துப் பார்ப்பது எவ்வாறு முறையாகும்? இக்கேள்விக்கு விடையாகவே துணை மருந்துச் சோதனை வலுப்பெற்றது. அனைவரும் தத்தம் மாத்திரையைத் தொடர்வர். அதன்மேல் ஒரு பாதியினருக்கு மூலிகை, மறுபாதியினருக்கு மருந்துப்போலி. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். கொடுப்பவரும் அறியார், பெறுபவரும் அறியார்.

மொழி மாணவர்களுக்கு இதனைத் துணைவினை கொண்டு விளக்குவேன். ‘மாத்திரையை உண்டுவிட்டான்’ என்பதில் ‘உண்’ முதல்வினை, ‘விடு’ துணைவினை. செயல் முழுமையாக முடிந்தது என்னும் பொருளைத் துணைவினை சேர்க்கிறது. முதல்வினையை நீக்கிவிட்டுத் துணையை மட்டும் நிற்க வைத்தால் ‘மாத்திரையை விட்டான்’ என்றாகிப் பொருள் தலைகீழாகிவிடுகிறது. துணை மருந்துச் சோதனையின் முடிவைப் படிப்பவர் மறக்கக்கூடாத இலக்கணமும் இதுவே. மாத்திரையோடு சேர்ந்து மூலிகை என்ன செய்தது என்பதைத்தான் அது கூறும். மூலிகை தனியே என்ன செய்யும் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இராது.

2001இல் சீனாவில் நடந்த ஜிங்கோச் சோதனை இவ்வகையில் பலரும் எடுத்துக்காட்டும் ஒன்று. மருந்துக்கு எளிதில் இணங்காத நாட்பட்ட நோயாளிகள் 109 பேர். அனைவருக்கும் ஹாலோபெரிடால், ஒரு சாராருக்கு அதனுடன் நாள்தோறும் 360 மில்லிகிராம் ஜிங்கோ இலைச்சாறு, காலம் 12 வாரம். இலைச்சாறு பெற்றவர்கள் கூடுதலாக முன்னேறினர். ஆயினும் ஒன்று நினைவிற்கொள்ள வேண்டும். சீன மரபு மருத்துவத்தில் முதன்மையாகப் பயன்பட்டது அம்மரத்தின் கொட்டை. செறிவூட்டிய இலைச்சாறோ செருமானிய நிறுவனம் ஒன்று 20ஆம் நூற்றாண்டில் உருவாக்கியது. பெயர் பழையது, பொருள் புதியது.

இனி நம் அமுக்கராவுக்கு வருவோம். வடமொழியில் அசுவகந்தா, குதிரை மணம் உடையது என்று பொருள். தாவரவியலார் இட்ட இலத்தீன் பெயரின் பின்பாதியான ‘சோம்னிஃபெரா’வுக்கு உறக்கம் தருவது என்று பொருள். இரு பெயர்களும் சோதனையாளருக்குத் தலைவலி தருபவை. குதிரை மணம் வீசும் வேருக்கு மருந்துப்போலி செய்வது எளிதன்று. நோயாளி முகர்ந்தே கண்டுபிடித்துவிட்டால் மறைப்பு முறை குலைந்துபோகும். உறக்கம் வந்தாலும் ‘எனக்குக் கிடைத்தது மருந்துதான்’ என்று ஊகித்துவிடுவார்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் செங்கப்பா தலைமையிலான குழு நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. அண்மையில் நோய் முற்றிய 66 பேர். உண்டுவந்த மாத்திரையோடு நாள்தோறும் 1,000 மில்லிகிராம் அமுக்கராச் சாறு அல்லது மருந்துப்போலி. காலம் இங்கும் 12 வாரம். மொத்த மதிப்பெண்ணிலும், குறை அறிகுறிகளிலும், கவலை, பதற்றம் போன்ற பொது அறிகுறிகளிலும் அமுக்கரா பெற்றவர்கள் மேம்பட்டனர். ஆனால் காதில் குரல் கேட்பது, பிறர் தமக்குத் தீங்கு சூழ்வதாக நம்புவது ஆகிய மிகை அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குடும்பத்தார் ‘குணமாயிற்று’ என்று சொல்லும்போது பெரும்பாலும் மனத்தில் வைப்பது இந்தக் கடைசி வகையைத்தான். துண்டறிக்கையில் மிகை அறிகுறி ‘நேர்மறை அறிகுறி’ என்று பெயர்க்கப்பட்டிருந்தது. ‘நேர்மறை அறிகுறிகள் குறையவில்லை’ என்று படிக்கும் தாய், நல்ல செய்தி என்றல்லவா எண்ணுவாள்!

பொருள் மாற்றம் இங்கும் உண்டு. சித்த மருத்துவத்தில் பயன்படுவது அமுக்கராக் கிழங்கு. ஆய்வில் பயன்பட்டதோ வேரும் இலையும் சேர்த்துத் தரப்படுத்திய சாறு. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் பொடிக்கும் ஆய்வில் சோதித்த குளிகைக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் பயனும் ஒன்றாகிவிடாது. மூலிகை என்பதாலேயே தீங்கற்றது என்றும் கொள்ளக்கூடாது. அமுக்கரா உண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்ட செய்திகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. டென்மார்க் 2023இல் அதனைத் தடை செய்தது. அந்தத் தடை மிகையானது என்று வாதிடுவோரும் உளர்.

ஆசிரியர்களாகிய உங்களுக்குச் சுவை தரக்கூடியது அளவுகோல் பற்றிய செய்தி. இந்நோயின் கடுமையை இரத்தப் பரிசோதனையால் அளக்க இயலாது. பேசித்தான் அளக்க வேண்டும். 1987இல் வெளிவந்த ‘பான்ஸ்’ அளவுகோலில் 30 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். பிட்ஸ்பர்க் ஆய்வு பயன்படுத்தியதும் இதுவே. நுண்பொருளை உணரும் ஆற்றலை அளக்கும் கூறு ஒன்றில் நோயாளியிடம் பழமொழிக்கு விளக்கம் கேட்பார்கள். ஆங்கிலப் பழமொழியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கேட்டால் நலமாக உள்ளவரும் விழிப்பார். தமிழ்ப் பழமொழியையே கேட்டால்? ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்று கேட்டால், தமிழ்ப்பள்ளியில் மொழியணியை மனப்பாடம் செய்தவர் பொருளை ஒரே மூச்சில் ஒப்புவித்துவிடுவார். நாம் அளந்தது அவருடைய இன்றைய சிந்தனையையா, பழைய ஆசிரியரின் உழைப்பையா? தோட்டத்தில் வளர்ந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அதே கேள்விக்கு, ‘மழை பேஞ்சா வழுக்கத்தானே செய்யும்’ என்று கூறினால் அது நோயின் அறிகுறியாகிவிடுமா? மருத்துவ அளவுகோல்களைத் தமிழில் அமைக்கும் பணியில் மொழி ஆசிரியர்களுக்கு இன்னும் உரிய இடம் கொடுக்கப்படவில்லை என்பது என் மனக்குறை.

நம் நாட்டில் இந்நோயைப் பற்றிப் பேசவே தயங்குகிறோம். ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்னும் ஊர்ப்பெயர், அங்கு 1911இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையால், மூன்று தலைமுறையாக வசைச்சொல்லாக வழங்குகிறது. மாத்திரை உண்பது மருத்துவமனையை நினைவூட்டுகிறது. பாலில் கலந்த அமுக்கராப் பொடியோ பாட்டி வைத்தியத்தை நினைவூட்டுகிறது. மாத்திரையால் உடல் பருக்கிறது, கை நடுங்குகிறது, நாள் முழுதும் தூக்கம் என்று நோயாளி சொல்லும் குறையும் பொய்யன்று. ‘மாற்று’ என்னும் சொல்லுக்குக் குடும்பங்கள் காத்திருக்கின்றன. என் பழைய மாணவர் ஒருவரின் தம்பி நான்காண்டுகள் நிலையாக இருந்து வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். எங்கோ படித்த மூலிகைச் செய்தியை நம்பி வீட்டார் மாத்திரையை நிறுத்தினர். இரண்டு மாதத்தில் அவர் மீண்டும் மருத்துவமனையில். வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

அந்தத் துண்டறிக்கையைத் திருத்தும் முன், எங்கள் குடியிருப்பில் உள்ள ஓர் அம்மையாரிடம் பழைய படியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவருடைய மகனுக்கு 11 ஆண்டுகளாக இந்நோய். நிதானமாகப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

“சார், அப்ப பழைய மாத்திரைய விட்டுடலாமா?”

அன்றிரவே திருத்தினேன். ‘மாற்று மருந்து’ என்பதை ‘துணை மருந்து’ என்று ஆக்கியதோடு நிறுத்தவில்லை. ‘இந்த ஆய்வில் கலந்துகொண்ட எவரும் தம் மாத்திரையை நிறுத்தவில்லை, அதை உண்டுகொண்டே இதையும் உண்டனர். மருத்துவரைக் கேளாமல் எதையும் நிறுத்தவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம்’ என்று இரு வாக்கியங்களைக் கூட்டினேன். மறுவாரம் புதிய படியை அவரிடம் கொடுத்தேன். இம்முறை இருமுறை படித்தார்.

“அடுத்த மாசம் கிளினிக்ல தேதி இருக்கு சார். இந்தத் தாள டாக்டர்கிட்ட காட்டிக் கேட்கிறேன்” என்று சொல்லி, அதை மகனின் மருந்து அட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.