கோல்கொண்டாவும் புளூ ஜாகரும்

வைரத்தை அரபியர் 'அல்மாஸ்' என்பர். வெல்லற்கரியது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று வந்த பெயர் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டு வைரங்கள் சந்தைக்கு வரும்வரை, உலகோர்க்கு வைரம் வழங்கிய நாடு பெரிதும் நம் இந்தியாவே.

அதனை வகை பிரித்தறியும் கலையும் இங்குத் தொன்மையானது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரை இரத்தினக் கடைத்தெருவைக் காட்டுமிடத்து, காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்னும் குற்றங்கள் நீங்கிய நால்வகை நிற வைரங்களைச் சொல்கிறது.

அந்நிறங்களின் காரணத்தை இக்கால அறிவியல் விளக்கிற்று. வைரம் என்பது கரியே. அதனுள் நைட்ரஜன் கலந்திருப்பின் முதல் வகை. அநேகமாக இல்லாதிருப்பின் இரண்டாம் வகை. மஞ்சள் சாயலைத் தருவது பெரும்பாலும் நைட்ரஜன். நீல நிறத்தைத் தருவது போரான். இரண்டும் அநேகமாக இல்லாத தூய கற்கள் இயற்கையில் நூற்றுக்கு இரண்டளவே. குத்புஷாஹி சுல்தான்கள் ஆண்ட கோல்கொண்டாவின் புகழுக்கு இத்தகைய கற்களே காரணம். 1852இல் இலண்டனில் மீண்டும் பட்டை தீட்டப்பெற்ற கோஹினூரும் இவ்வகையினதே.

திருத்துறைப்பூண்டி வட்டாரத்துத் திருமண வீடுகளில் 'புளூ ஜாகர் தோடு' என்ற பேச்சைக் கேட்கலாம். 1870இல் வைரம் கண்டறியப்பட்ட தென்னாப்பிரிக்க ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரே அது. வெயிலில் இலேசான நீல ஒளி காட்டும் வெள்ளைக் கற்களுக்கு அப்பெயர் நிலைத்தது. ஆதலின், இன்று அது ஒளியின் தன்மையைக் குறிக்குமேயன்றிப் பிறந்த மண்ணுக்குச் சான்றாகாது.

1954இல் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் செயற்கை வைரம் உருவாயிற்று. இது கண்ணாடிப் போலியன்று. அதே கரி, அதே கடினம். வியப்பு யாதெனில், இன்று நகைக்கென ஆக்கப்படும் நிறமற்ற செயற்கைக் கற்கள் பெரும்பாலும் கோல்கொண்டாவின் அந்தத் தூய இரண்டாம் வகையையே சேர்ந்தவை! வெறுங்கண்ணால் வேறுபாடு அறிய இயலாது. விலையிலோ பெரும் வேறுபாடு உண்டு. இயற்கைக் கல்லின் விலைக்குச் செயற்கைக் கல்லை வாங்கிவிட்டால், பின்னொரு நாள் நெருக்கடிக்கு விற்கச் செல்லும்போதே இழப்புத் தெரியும்.

மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் குருடாகும் என்று முன்னோர் நம்பினர். அறிஞர் அல்பிரூனீ மாதக்கணக்கில் சோதித்துப் பார்த்து, அது உண்மையன்று எனத் தம் 'அல்ஜமாஹிர்' நூலில் எழுதினார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன் அவர் காட்டிய வழி நமக்கும் பொருந்தும். மஹராகவோ சீராகவோ வைரம் வாங்குவோர், இயற்கையா செயற்கையா என்று வினவி, ஆய்வுக்கூடச் சான்றிதழுடன் பெறுதல் வேண்டும். விற்கும் பொருளின் தன்மையை மறைக்காதிருத்தல் வணிகரின் கடமை. கேட்டறிதல் நம் உரிமை.