மண்ணுக்குள் இறங்கிய இரட்டைக் கம்பி

மண்ணின் ஈரத்தை அளக்கும் இந்த இரட்டைக் கம்பி காட்டுக்காகப் பிறந்த கருவி அல்ல. புதைத்த கேபிள் எங்கே அறுந்திருக்கிறது என்று தோண்டாமலே அறிய உதவிய உத்தி இது. ஒரு முனையில் மின்துடிப்பைச் செலுத்தினால் அறுந்த இடத்தில் முட்டித் திரும்பும். போய்வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவார்கள்.

கனடாவில் டாப், டேவிஸ், அன்னன் மூவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். கம்பியின் நீளம் தெரியும். அப்படியானால் நேரம் ஏன் மாறுகிறது? மண்ணின் ஈரத்தால். துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பண்பான ஒப்புமை விடுதிறன் தண்ணீருக்கு 80 அளவில் இருக்க, காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரைதான். ஈரம் கூடக்கூடத் துடிப்பு மெதுவாகும். முன்பு புழங்கிய நியூட்ரான் கருவியில் கதிரியக்கப் பொருள் இருந்ததால் காட்டில் ஆளில்லாமல் விட்டுவர முடியாது. இதைப் புதைத்துவிட்டு வரலாம். ஆண்டுக்கணக்கில் அளக்க வழி திறந்தது அதனால்தான்.

இந்த வகைக் கருவி நெகிரி செம்பிலானின் பாசோ காட்டுக்கும் வந்தது. ஸ்ரீ கெம்பாங்கான்காரர்களுக்கு அதில் உரிமையோடு பெருமைப்பட இடமுண்டு: ஜப்பானின் தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வுக் கழகமும் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகமும் 1991இல் அங்கே தொடங்கிய கூட்டு ஆய்வில் நம் பக்கத்துச் செர்டாங்கின் இன்றைய புத்ரா பல்கலைக்கழகமும் பங்காளி.

பார்வைக்கு எளிய பொருள். முப்பது சென்டிமீட்டர் நீளத்தில், பென்சிலைவிட மெலிந்த இரண்டு எவர்சில்வர் கம்பிகள். தலையில் ஒரு கட்டை, அதிலிருந்து கேபிள். ஆனால் இறக்கும்போது கை ஆடக் கூடாது. கம்பியை ஒட்டி இடைவெளி விழுந்தால் அங்கே காற்று நிற்கும். கருவி ஈரமண்ணையும் காய்ந்ததாகக் காட்டும். பிறகு காட்டுப்பன்றித் தொல்லை. சுற்றிலுமுள்ள செம்பனைத் தோட்டங்களின் பழத்தைத் தின்று பெருகிய பன்றிகள் பாசோவில் மண்ணைக் கிளறி, இளங்கன்றுகளைப் பிடுங்கிக் குட்டி போட மேடு கட்டுகின்றன.

மேலே 52 மீட்டர் கோபுரம் காடு வெளிவிடும் நீராவியை அளந்தது. கீழே கம்பிகள் மண்ணில் மிஞ்சியதை அளந்தன. ஆய்வாளர் யோஷிகோ கொசுகியின் குழுவினர் 2003 முதல் 2009 வரையிலான அளவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆண்டு மழை சுமார் 1,450 மில்லிமீட்டருக்கும் 2,200க்கு மேலான அளவுக்கும் இடையே ஏறி இறங்கியது. காடு ஆவியாக விட்டதோ ஆண்டுக்கு ஏறத்தாழ 1,290 மில்லிமீட்டர், பெரிதாக அசையவில்லை. மேல்மண் காய்ந்தாலும் மரம் ஆழத்திலிருந்து குடிக்கிறது. ஓராண்டு மட்டும் அளந்திருந்தால் இது பிடிபட்டிருக்காது.

2014 வறட்சியில் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகளில் நீர்ப் பங்கீடு வந்தபோது அணையின் நீர்மட்டத்தைத்தான் நாம் தினமும் விசாரித்தோம். லங்காட், செமினி அணைகளுக்கு மேலேயுள்ள காட்டு மண்ணும் நம் குடிநீரைத்தான் தாங்கி நிற்கிறது. அதன் ஈர அளவும் நீர்மட்டத்தோடு சேர்த்து மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.