மேமி டூ ஷூஸ்: முகம் தெரியாத அதட்டல்

மேமி டூ ஷூஸ், டாம் அண்ட் ஜெர்ரி கார்ட்டூன் குறும்படங்களில் வரும் கறுப்பினப் பெண்மணி. கையில் துடைப்பம், இடுப்பில் ஏப்ரன், காலில் செருப்பு. பார்வையாளர்கள் அறிந்த உருவம் ஏறக்குறைய இவ்வளவுதான். பூனையின் கண்மட்டத்திலிருந்து காட்சிகள் வரையப்பட்டதால் கழுத்துக்கு மேலே அவர் அநேகமாகத் தெரியவே மாட்டார். 1935-இல் வந்த டிஸ்னியின் ‘த்ரீ ஆர்ஃபன் கிட்டன்ஸ்’ படத்திலும் இதே உத்தியில் ஒரு கறுப்பின வேலைக்காரப் பெண் உண்டு.

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் உருவாக்கிய இந்தத் தொடரின் முதல் படமான ‘பஸ் கெட்ஸ் த பூட்’ 1940 பிப்ரவரி 10-இல் வெளியானது. அதில் பூனை டாமின் பெயர் ஜாஸ்பர். இன்னொரு சாமான் உடைந்தால் வெளியே போக வேண்டியதுதான் என்று மேமி எச்சரித்துவிட்டுப் போகிறார். அவ்வளவுதான், எலிக்குக் கொண்டாட்டம்: கண்ணாடிக் கோப்பையை மேசை விளிம்பில் தள்ளிப்பிடித்து மிரட்டுகிறது, பூனை பதறிப்போய் நிற்கிறது. கதையை நகர்த்துவதே அந்தப் பெண்ணின் அதட்டல்தான்.

அதே மாதம் 29-ஆம் தேதி, ‘கான் வித் த விண்ட்’ படத்தில் ‘மேமி’யாக நடித்த ஹாட்டி மெக்டானியல் ஆஸ்கர் வாங்கினார். விருது அரங்கில் அவருக்குத் தனி மேசை. வெள்ளையர் வீட்டில் சமைத்து, பிள்ளை வளர்த்து, உரக்கப் பேசும் பருத்த கறுப்பினப் பெண் என்ற வார்ப்பை அமெரிக்க சினிமா அப்போது அலுக்காமல் பயன்படுத்திக்கொண்டிருந்தது. கார்ட்டூன் மேமியும் அந்த வார்ப்பில் பிறந்தவர்தான்.

அவருக்குக் குரல் கொடுத்தவர் லிலியன் ராண்டால்ஃப். வானொலி நாடகங்களில் புகழ்பெற்றவர். ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ (1946) படத்திலும் வீட்டுப் பணிப்பெண்ணாகத்தான் நடித்தார். “தாமஸ்!” என்று அவர் இழுத்துக் கூப்பிட்டால் டாமுக்கு உதை நிச்சயம். கொச்சை வழக்கில் எழுதப்பட்ட வசனங்கள் கேலிக்கானவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவற்றுக்கு உயிர் கொடுத்த தாளம் ராண்டால்ஃபுடையது.

வேலைக்காரியா, வீட்டுக்காரியா என்பதும் படத்துக்குப் படம் மாறும். ‘சாட்டர்டே ஈவ்னிங் பஸ்’ (1950) படத்தில் அவர் நகை பூட்டி, தோழிகளோடு சீட்டாடக் கிளம்புகிறார். பின்னால் வீட்டில் பூனைகளின் ஜாஸ் கச்சேரி. ஜெர்ரி தொலைபேசியில் கோள் சொன்னதும் அலறியடித்து ஓடிவருகிறார்; அந்த ஓட்டத்தில் ஒரு கணம் முகமும் தெரிந்துவிடுகிறது. கறுப்பின உரிமை அமைப்புகளின் கண்டனம் வலுத்துவந்த காலம் அது. 1952-இல் வந்த ‘புஷ்-பட்டன் கிட்டி’யோடு அவர் வருகை நின்றது.

தொலைக்காட்சிக்காக 1960-களில் நடந்த திருத்தம் விசித்திரமானது. சக் ஜோன்ஸ் குழுவினர் பல படங்களில் மேமியை அழித்து, அதே இடத்தில் ஒல்லியான வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்தார்கள். ஜூன் ஃபோரே ஐரிஷ் உச்சரிப்பில் குரல் கொடுத்தார். சீட்டாடப் போனவரும் வெள்ளைக்கார இளம்பெண்ணாகிவிட்டார். கேலியை நீக்கப்போய், அந்த வீட்டில் பூனையை அடக்க வல்ல ஒரே கறுப்பின மனுஷியையும் ராண்டால்ஃபின் உழைப்பையும் சேர்த்தே நீக்கிவிட்டார்கள். 1990-களில் பழைய உருவம் திரும்பியது. கொச்சையைக் குறைத்துத் தியா விடேல் மறுபடி குரல் பதிவு செய்தார்.

குரலை மாற்றித் தீராதவையும் உண்டு. ‘மவுஸ் கிளீனிங்’ (1948) படத்தில் வீட்டுக்குள் நிலக்கரி கொட்டி, முகமெல்லாம் கரியாக டாம் எழுகிறது. பூனையைப் பார்த்தாயா என்று மேமி கேட்க, கறுப்பினத்தவரைச் சோம்பேறியாகக் காட்டும் பழைய நையாண்டிக் குரலில் அது பதில் சொல்கிறது. ‘காஸனோவா கேட்’ (1951) படத்தில் சுருட்டுப் புகையால் ஜெர்ரியின் முகம் கறுக்க, அது ஆட வைக்கப்படுகிறது. 2013-இல் அறிவிக்கப்பட்ட ப்ளூ-ரே தொகுப்பில் இவ்விரண்டும் இல்லை என்று தெரிந்ததும் சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். தொகுப்பு கிடப்பில் போடப்பட்டது.