பெட்ரோல் காலியாகுது, போட் நகரலையா? இன்ஜினைத் திட்டுறதுக்கு முன்னாடி புரொப்பல்லரைப் பாருங்க!

விடியற்காலையில வெறும் போட்டா கிளம்பும்போது சும்மா பறக்குது. அதே போட், வலையும் ஐஸும் மீனுமா திரும்பும்போது முக்கி முனகுது. த்ரோட்டிலை முழுசா முறுக்கினாலும் வேகம் ஏறலை, எரிபொருள் மட்டும் இறங்கிக்கிட்டே போகுது. இப்படி ஆனா, பெரும்பாலும் முதல் பழி இன்ஜின் மேலதான் விழும். மெக்கானிக் வருவார், பிளக் மாத்துவார், கார்புரேட்டரைக் கழுவுவார். ஆனா பல நேரம் பிரச்னை அங்க இல்லை. தண்ணிக்குள்ள சுத்துற புரொப்பல்லர்லதான் இருக்கு.

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்துல ஃபைபர் படகுகள் வேகமா பெருகின. அவுட்போர்டு மோட்டாரும் அதோட சேர்ந்து பல குடும்பங்களோட பிழைப்புக்கு அடிப்படையாகிடுச்சு. உங்க அப்பாவோ, அண்ணனோ, சித்தப்பாவோ போட் வெச்சிருந்தா, அடுத்த புரொப்பல்லர் வாங்குறதுக்கு முன்னாடி இதை ஒருதடவை படிச்சுடுங்க.

அந்த ரெண்டு நம்பர் என்ன சொல்லுது?

புரொப்பல்லரோட நடுப்பகுதியில, அதாவது ஹப்ல, ரெண்டு எண்கள் பொறிச்சிருக்கும். உதாரணத்துக்கு 11 x 13. முதல் எண் விட்டம். இறக்கைகளோட நுனிகள் சுத்தும்போது உருவாகுற வட்டத்தோட அகலம், அங்குலத்துல. ரெண்டாவது எண் பிட்ச். புரொப்பல்லர் ஒருமுறை சுத்தினா கணக்குப்படி எத்தனை அங்குலம் முன்னாடி போகணும்ங்கிறதுதான் அது. மரத்துல ஸ்க்ரூ இறங்குற மாதிரின்னு நெனைச்சுக்கோங்க.

பைக் ஓட்டுறவங்களுக்கு இன்னும் ஈஸியா புரியும். பிட்ச் அதிகம்னா டாப் கியர் மாதிரி: லோடு கம்மியா இருந்தா வேகம் வரும், லோடு ஏறினா இன்ஜின் திணறும். பிட்ச் கம்மின்னா லோ கியர் மாதிரி: இழுவை நல்லா இருக்கும், டாப் ஸ்பீடு குறையும். நாலு பேரை ஏத்திக்கிட்டு மலைப்பாதையில டாப் கியர்ல ஏற முடியுமா? கனமான மீன்பிடி படகுக்குப் பெரிய பிட்ச் போடுறதும் அதே கதைதான்.

ஆர்.பி.எம் தான் நீதிபதி

சரியான புரொப்பல்லரா இல்லையான்னு கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: முழு த்ரோட்டில்ல உங்க இன்ஜின் எத்தனை ஆர்.பி.எம் தொடுது? ஒவ்வொரு மோட்டாரோட மேனுவல்லயும் முழு த்ரோட்டிலுக்கான ஒரு வரம்பு போட்டிருக்கும். சிலதுக்கு 4,500 முதல் 5,500, சிலதுக்கு 5,000 முதல் 6,000. உங்க மாடலுக்கு என்னன்னு மேனுவலைப் பார்த்து உறுதி பண்ணிக்கோங்க.

அந்த வரம்பைத் தொடவே இல்லைன்னா பிட்ச் அதிகம். இன்ஜின் மூச்சுத் திணறி ஓடுது. சூடு ஏறும், கரி படியும், எரிபொருள் வீணாகும். இதே நிலைமை தொடர்ந்தா பிஸ்டனே போகலாம். வரம்பைத் தாண்டிப் போனா பிட்ச் கம்மி. இன்ஜின் கத்தும், தேய்மானம் கூடும்.

ஞாபகம் வெச்சுக்க வேண்டிய கணக்கு ஒண்ணு இருக்கு. பிட்ச்சை 1 அங்குலம் குறைச்சா ஆர்.பி.எம் சுமார் 150 முதல் 200 வரை ஏறும். கூட்டினா அதே அளவு இறங்கும்.

டெஸ்ட் எப்படிப் பண்றது?

1. முதல்ல போட்டோட அடிப்பகுதியில இருக்கிற பாசி, சிப்பி எல்லாத்தையும் சுரண்டிடுங்க. அழுக்கான அடிப்பகுதியோட எடுத்த ரீடிங் பொய் சொல்லும்.

2. சின்ன மோட்டார்கள்ல ஆர்.பி.எம் மீட்டர் இருக்காது. பிளக் வயர்ல சுத்தி மாட்டுற சின்ன டேக்கோமீட்டர் கிடைக்குது. இல்லைன்னா மெக்கானிக்கிட்ட கேட்டு வாங்குங்க.

3. கடல் அமைதியா இருக்கும்போது ரெண்டு ஓட்டம் ஓட்டுங்க. ஒண்ணு வெறும் போட்டா. இன்னொண்ணு வழக்கமான ஆட்கள், வலை, ஐஸ், எரிபொருளோட. ரெண்டுலயும் ஆர்.பி.எம்மையும், போன் ஜி.பி.எஸ் காட்டுற வேகத்தையும் குறிச்சுக்கோங்க.

இப்போ ஒரு உதாரணம். வரம்பு 5,000 முதல் 6,000. லோடோட 4,800 தான் வருது, வெறும் போட்டா 5,300 வருது. பிட்ச்சை 2 அங்குலம் குறைச்சா லோடோட 5,100-5,200 வரும். வெறும் போட்டா 5,600-5,700. ரெண்டுமே வரம்புக்குள்ள வந்துடுச்சு. இதுதான் உங்க சைஸ்.

வெறும் போட்டை ஓட்டிப் பார்த்து "சூப்பர் ஸ்பீடு"ன்னு வாங்குறதுதான் பலர் செய்ற தப்பு. சம்பாத்தியம் இருக்கிறது திரும்பி வர்ற பயணத்துலதான். காத்து எதிர்க்கும்போது கரை சேர வேண்டியதும் அப்போதான்.

ஸ்லிப்னு ஒண்ணு இருக்கு

தண்ணி மரம் இல்லையே! அதனால கணக்குப்படியான தூரத்தைப் புரொப்பல்லர் முழுசா போகாது. அந்த இழப்புக்குப் பேர்தான் ஸ்லிப். ஆர்.பி.எம்மையும் பிட்ச்சையும் பெருக்கி, அதை கியர் ரேஷியோவால வகுத்து, திரும்ப 1,215-ஆல வகுத்தா, கணக்குப்படியான வேகம் நாட்ல வரும். 5,400 ஆர்.பி.எம், பிட்ச் 11, கியர் ரேஷியோ 2 என்றால் 24.4 நாட். ஜி.பி.எஸ் 20 காட்டினா ஸ்லிப் சுமார் 18 சதவிகிதம். கனமான, மெதுவான படகுக்கு இதைவிட அதிகமாவே இருக்கும். ஆனா அதே லோடுல ஸ்லிப் திடீர்னு எகிறினா, இறக்கை வளைஞ்சிருக்கா, ஹப் நழுவுதான்னு பாருங்க.

அலுமினியமா, ஸ்டீலா?

அலுமினியம் விலை குறைவு, ரிப்பேர் பண்ணலாம். பாறையில இடிச்சா இறக்கை வளையும் அல்லது உடையும். ஆனா பெரும்பாலும் கியர் தப்பிச்சுடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மெல்லிசான, வளையாத இறக்கைகள் கொண்டது. வேகமும் எரிபொருள் சிக்கனமும் கொஞ்சம் கூடும், விலையும் கூடும். இடிச்சா அதிர்ச்சி கியர் வரைக்கும் போகலாம். பாக் நீரிணை மாதிரி ஆழம் குறைஞ்ச இடத்துலயோ, மன்னார் வளைகுடாவுல பவளப்பாறைகள் இருக்கிற பக்கமோ ஓட்டுறவங்களுக்கு அலுமினியமே நிம்மதி.

மூணு இறக்கையா நாலு இறக்கையா? நாலு இறக்கை அலையில நல்லா பிடிக்கும், அதிர்வு குறையும், டாப் ஸ்பீடு கொஞ்சம் குறையும். மூணுலேர்ந்து நாலுக்கு மாறினா ஆர்.பி.எம் இறங்கும், அதனால பிட்ச்சை 1 அங்குலம் குறைச்சு வாங்குறது வழக்கம்.

வாங்குறதுக்கு முன்னாடி, மாட்டுறதுக்கு முன்னாடி

* ஷாஃப்ட்ல இருக்கிற பற்களோட எண்ணிக்கை பொருந்தணும். பிராண்டு, ஹெச்.பி, மாடல் மூணையும் சொல்லி வாங்குங்க. பழைய புரொப்பல்லரை போட்டோ எடுத்துட்டுப் போங்க.

* இன்ஜின் கத்துது, போட் நகரலைன்னா ஹப்ல இருக்கிற ரப்பர் நழுவியிருக்கலாம். சின்ன மோட்டாரா இருந்தா ஷியர் பின் உடைஞ்சிருக்கலாம். ஸ்பேர் பின் எப்பவும் போட்ல இருக்கட்டும்.

* தங்கூசி நரம்பு ஷாஃப்ட்ல சுத்தினா சீலை அறுத்துடும். அடிக்கடி கழட்டிப் பாருங்க. கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா உள்ள தண்ணி புகுந்துடுச்சுன்னு அர்த்தம். உடனே மெக்கானிக்கிட்ட போங்க.

* புரொப்பல்லர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி நியூட்ரல்ல போட்டு, பிளக் வயரைக் கழட்டிடுங்க. கையால சுத்தும்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆனா விரல் போயிடும்.

கடைசியா ஒண்ணு. பழைய புரொப்பல்லர் நல்லா இருந்தா வித்துடாதீங்க. ஒரு ஸ்பேனரோட, ஸ்பேர் நட், பின்னோட அதை போட்லயே வையுங்க. நடுக்கடல்ல இறக்கை உடைஞ்சா, பிட்ச் சரியா தப்பான்னு யாரும் பார்க்க மாட்டாங்க. வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்க்கப்போறது அதுதான்.