எந்த ஃபன்னி?

நம் கல்லூரியில் இறுதியாண்டு வைவா. என் பம்ப் சோதனை வரைபடத்தைப் பார்த்த எக்ஸ்டர்னல், "ஃபன்னி கர்வ்!" என்றார். ஜோக் அடிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்துத் தொலைத்தேன். அவர் சிரிக்கவில்லை. ரீடிங்கில் ஏதோ தில்லுமுல்லு என்பது அவர் சந்தேகம். பத்து நிமிஷம் குடைந்தெடுத்துவிட்டார். கோளாறு என்னவோ பிரஷர் கேஜில்தான்!

அந்தச் சந்தேகம் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 'ஃபன்' 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் 'ஏமாற்று' என்ற பொருளில்தான் புழங்கியது. ஏமாந்தவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்போ என்னவோ, அடுத்த நூற்றாண்டில் அதுவே கேளிக்கையையும் குறித்தது. 1755-இல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனுக்கு அது மட்டமான கொச்சைச் சொல். அதிலிருந்து வந்த 'ஃபன்னி' முதலில் சிரிப்பைச் சொல்லி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'விசித்திரம்' என்றும் ஆயிற்று. ஆங்கிலேயர்களுக்கே குழப்பம்தான். எந்த ஃபன்னி என்று கேட்கும் வசனம் 1936-இல் இயன் ஹே எழுதிய 'ஹவுஸ்மாஸ்டர்' நாடகத்திலேயே உண்டு. பழைய வாடையும் போகவில்லை பாருங்கள்: 'ஃபன்னி மணி' என்றால் கள்ளப்பணம், 'ஃபன்னி பிசினஸ்' என்றால் திருட்டுவேலை.

நம்ம 'வேடிக்கை' மட்டும் என்னவாம்? சிரிப்புக்கும் அதுதான், புரியாத சங்கதிக்கும் அதுதான். "வேடிக்கையா ஒரு சத்தம் வருது சார்" என்று ஆபரேட்டர் போன் செய்தால் இப்போதெல்லாம் நான் சிரிப்பதில்லை. "முதல்ல பம்பை நிறுத்துங்க" என்கிறேன்.